சர்வதேசச் சட்டத்தில் ஒரு பத்தியை வெட்டிய தாய்மாமன்

சிவகாசி,
புதன்கிழமை, காலைக் காப்பிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில்.

தாயில்பட்டித் தொழிற்சாலையின் தனிப்பெரும் அதிபரும், கம்பி மத்தாப்பு, தரைச்சக்கரம், புஸ்வாணம் என்னும் முப்படைகளின் தளபதியும், என் ஒரே தங்கச்சி கற்பகவல்லியின் கையைப் பிடித்த நாள்முதல் எனக்கு மாப்பிள்ளையுமாகிய அன்பரசன் அவர்களுக்கு, மச்சான் ரத்தினசாமி அச்சு மை படிந்த இரண்டு கைகளையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் அச்சாபீஸின் இரண்டு ஆஃப்செட் மிஷின்களும், நூற்று மூன்று டிகிரி வெயிலும் அமோகமாக இருக்கிறோம். அங்கே நீங்களும், உங்கள் ரத்த அழுத்தமும், வெயில் மேடையில் காய்கிற வெடிச் சரக்கும் அதேபோல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஒரே தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கிற மனிதருக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பகலில் பிடிக்கலாம் என்றால் உங்கள் கம்பெனி கேட்டிலேயே செல்போனை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். சாயங்காலம் பிடிக்கலாம் என்றால் என் செருப்புச் சத்தம் வாசலில் கேட்ட மறுநொடியே டி.வி.யில் செய்தி வாசிக்கிறவரின் குரலை ஊர் அதிரக் கூட்டிவிடுகிறீர்கள். நேற்று நீங்கள் கூட்டிய கூட்டில் நம் தெரு நாய்கள் பதினொன்றும் திருத்தங்கல் வரைக்கும் ஓடிப்போய், இன்று காலை பஸ்ஸில்தான் திரும்பி வந்தன. ஆகவே இந்தக் கடிதத்தை உங்கள் கணக்கர் மணிகண்டராஜ் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். காலண்டருக்குப் போடுகிற பசையைப் போட்டு ஒட்டப் போகிறேன். அப்படியும் அவர் படித்துவிட்டுத்தான் தருவார் என்பதால், தம்பி மணிகண்டராஜ், சௌக்கியமா? இனி வருவது உமக்கும் சேர்த்துத்தான். உட்கார்ந்தே படியும்.

விஷயம் இதுதான் மாப்பிள்ளை. உங்கள் மகளும் என் மருமகளுமாகிய பிரீத்திகாவுக்கு டெல்லியில் சர்வதேச உறவுகள் எம்.ஏ. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சேருகிறேன் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லியாக வேண்டும். போன சனிக்கிழமை வரைக்கும் நீங்கள் சரி என்கிற மாதிரிதான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு முன்னால் அந்தத் தலை நின்றுவிட்டது. "காலேஜு மேடையில நின்னு மூக்குடைபட்டுட்டு வந்திருக்கா. இந்த ஒரு பாடத்துக்கே இம்புட்டுச் சீரழிவுன்னா டெல்லிக்குப் போயி ரெண்டு வருசம் என்னத்தப் படிக்கப் போறா? வேண்டாம். கெமிஸ்ட்ரி படிச்சிருக்கால்ல, நம்ம கம்பெனிக் கலவையப் பாத்துக்கிட்டு இங்கனயே இருக்கட்டும்" என்று கற்பகவல்லியிடம் சொன்னீர்களாம். அன்றிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவைச் சூடாக வாங்கி வந்து முகத்துக்கு நேரே பிரித்து வைத்தேன், வேண்டாம் மாமா என்றாள். பரோட்டாவை மாப்பிள்ளை, வேண்டாம் என்றாள்! அந்தத் துக்கத்தில் எனக்கும் தொண்டையில் இறங்கவில்லை. ஏழோடு நிறுத்திக்கொண்டேன்.

மூக்கு உடைந்தது உண்மை. ஆனால் உடைத்தவன் நான். அவள் அதைத் தானே எடுத்து ஒட்டவும் செய்தாள். உங்கள் மணிகண்டராஜ் உடைந்தது வரைக்கும் பார்த்து வந்து உங்களிடம் சொன்னார், ஒட்டியதைப் பார்க்கவில்லை. இந்த ஒரு வரியைச் சொல்லத்தான் நான் பதினோரு பக்கம் எழுதப் போகிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டும்.

வேதியியல் படிக்கிற பிள்ளைகளும் வேறு துறையில் ஒரு பாடம் எடுத்தே ஆக வேண்டும் என்று அவள் படிக்கிற விருதுநகர்க் கல்லூரியில் ஒரு விதி இருப்பது உங்களுக்குத் தெரியும். மற்ற பிள்ளைகள் எல்லாம் யோகா, பூக்கட்டுதல் என்று நிம்மதியான வழிகளில் போக, நம்மாள் வரலாற்றுத் துறையின் இசபெல் மேடம் நடத்துகிற சர்வதேசச் சட்டத்தில் போய் உட்கார்ந்தாள். அந்த அம்மா லேசுப்பட்டவர் இல்லை. ஆபத்தான சரக்கு ஒரு நாட்டு எல்லையைத் தாண்டி இன்னொரு நாட்டுக்குப் போவது பற்றி உலகத்தில் என்னென்ன சட்டம் இருக்கிறது, அது எங்கே எழுதி வைத்திருக்கிறது, எழுதியிருப்பதை எப்படிப் படித்துப் பொருள் கொள்ள வேண்டும், எல்லாவற்றையும் நீயே தேடிக் கண்டுபிடித்துக் கருத்தரங்கில் வந்து பேசு என்று சொல்லிவிட்டார். மதுரையிலிருந்து ஒரு சட்டப் பேராசிரியர் வந்து கேள்வி கேட்பார் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டார். பிள்ளை நேரே என் அச்சாபீஸுக்கு வந்து, "மாமா, ஒங்க ஆபீஸ்ல நெட்டு வேகமா இருக்கும்ல?" என்றாள். அவள் கேட்டது நெட்டு மட்டும்தான். நான் என்னையே கொடுத்தேன்.

ஏன் கொடுக்கக் கூடாது? பதினெட்டு வருடமாக, கப்பலேறுகிற பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டுகிற ஆரஞ்சு நிறச் சாய்சதுரச் சீட்டை அடிக்கிறவன் நான். நடுவே ஒன்று புள்ளி நான்கு, கீழே ஆங்கில ஜி. ஏழு கண்டங்களிலும் சுங்க அதிகாரிகள் அந்தச் சீட்டைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றுகிறார்கள் என்று கேள்வி. இப்பேர்ப்பட்டவனுக்குத் தெரியாத சர்வதேசச் சட்டம் எங்கே இருக்கப் போகிறது? மறுநாளே மதுரைக்குப் போய் ஒரு பெரிய புத்தகக் கடையில் நுழைந்து, "சர்வதேசச் சட்டம் ஒரு காப்பி கொடுங்க" என்றேன். "எந்த ஆத்தர் அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர். "சட்டத்துக்கு ஏதுய்யா ஆத்தரு? உலகத்துக்கெல்லாம் பொதுவா ஒண்ணு இருக்கும்ல, அதக் கொடும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மோட்டார் வாகனச் சட்டத்தை எடுத்து நீட்டினார். வந்ததற்கு அதை வாங்கி வந்தேன். பிரீத்திகா அதைப் பார்த்துவிட்டு மேசை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு, "மாமா, அது ஒரே புஸ்தகமா இருக்காது. உலகத்துக்குன்னு ஒரு சட்டசபை கிடையாதுல்ல" என்றாள். "பின்ன யாரு பிள்ள சட்டம் போடுறது?" என்றேன். "நாடுகளே கூடிப் பேசிப் போட்டுக்கிறதுதான்" என்றாள். எனக்குத் தலை சுற்றியது. கட்டுப்பட வேண்டியவனே சட்டம் போட்டுக்கொள்ளலாம் என்றால் நான் வீணாக அல்லவா அறுபது வயது வரை கட்டுப்பட்டுவிட்டேன்!

உலக நீதிமன்றத்தின் சாசனத்தில் முப்பத்தெட்டாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறதாம். சட்டத்தை எங்கெங்கே தேட வேண்டும் என்று அதில் போட்டிருக்கிறதாம்: ஒப்பந்தத்தில் தேடு, வழக்கத்தில் தேடு, எல்லா நாட்டிலும் பொதுவாக ஒத்துக்கொண்ட கோட்பாட்டில் தேடு, துணைக்குத் தீர்ப்புகளையும் பெரிய அறிஞர்கள் எழுதியதையும் பார்த்துக்கொள் என்று. அறிஞர்கள் என்றதும் நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன், அவள் கவனிக்கவில்லை. ஆனால் வழக்கமும் சட்டம்தான் என்று அவள் சொன்ன இடத்தில் எனக்கு ஒரு பொறி தட்டியது. உங்கள் வீட்டில் தினமும் காலையில் நான் இரண்டாவது காப்பி குடிப்பது இருபத்தோரு வருட வழக்கம் அல்லவா? அன்றைக்கே போய்க் கற்பகவல்லியிடம், "தங்கச்சி, நான் கேக்கிறது இனிமே காப்பி இல்ல, உரிமை" என்று அறிவித்தேன். "உரிமையா? சீனி போட்ட உரிமையா, சீனி போடாத உரிமையா?" என்று கேட்டாள் அவள். "இருவது வருசமா ஒவ்வொரு தம்ளருக்கும் நான் மொனங்கிக்கிட்டேதான அண்ணே கொடுக்கேன், ஒங்களுக்குக் காது கேக்கலையா?" உடனே உள்ளேயிருந்து பிரீத்திகா குரல் கொடுத்தாள்: "மாமா, அம்மா ஆரம்பத்துலயிருந்தே விடாம ஆட்சேபிச்சிருக்காங்க. அப்படி ஆட்சேபிச்ச நாட்ட அந்த வழக்கம் கட்டாது." வழக்கில் தோற்றேன். இருந்தாலும் காப்பி வந்தது. அது சட்டமில்லையாம், மரியாதைக்காக ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குச் செய்கிற உபசாரமாம். உபசாரத்தில் சீனி தூக்கலாகவே இருந்தது.

அடுத்து நான் உலக நீதிமன்றத்தைத் திருத்தப் புகுந்த கதை. அவள் ஏதோ ஒரு தீர்ப்பைக் கண்டுபிடித்து, "இத அச்செடுத்து வைங்க மாமா, சாயங்காலம் வந்து படிக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போனாள். போன வருடக் காலண்டரில் மிஞ்சிய வழுவழுத் தாளில் இருநூற்றுப் பதினான்கு பக்கம் எடுத்தேன். எடுத்தவன் சும்மா இருந்திருக்கலாம். முப்பத்தைந்து வருடம் புரூஃப் பார்த்த கை, சிவப்புப் பேனாவைத் தானாகவே எடுத்துக்கொண்டது. ஒரு பக்கம் நன்றாக இருக்கிறது, எதிர்ப்பக்கம் பிழைகளின் பெருங்கடல். எழுத்துகளின் தலையில் கோடும் கொம்பும் முளைத்திருக்கின்றன. ஒரு வார்த்தையாவது உருப்படியாக முடிய வேண்டுமே! பக்கத்துக்கு அறுபது பிழை வீதம் இரண்டு மணி நேரம் திருத்தினேன். உலகத்துக்கே நியாயம் சொல்கிற நீதிமன்றத்துக்கு ஒரு நல்ல புரூஃப் ரீடர் கிடைக்கவில்லையே என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வேலைக்கு விண்ணப்பம் போடலாமா என்றுகூட யோசித்தேன். சாயங்காலம் பிள்ளை வந்து பார்த்துவிட்டு, "மாமா" என்று மெதுவாகச் சொன்னாள், "அந்தப் பக்கமெல்லாம் பிரெஞ்சு."

அவள் சிரிக்கவில்லை மாப்பிள்ளை. அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். என் சிவப்பு மையைக் கடந்து, மற்ற பக்கங்களைப் படித்துக்கொண்டே போனாள். எந்த வரி தீர்ப்பு, எந்த வரி வக்கீலின் வாதம், எந்த வரி ஒத்துக்கொள்ளாத நீதிபதியின் தனிக் கருத்து என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டாள். வெடிமருந்தில் எது எதனோடு சேரும், எது சேராது என்று படித்த பிள்ளை அல்லவா, அதே கவனத்தோடு இதையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தாள். என் சாய்சதுரச் சீட்டின் பூர்வீகத்தையும் அவள்தான் தோண்டி எடுத்தாள். ஐ.நா.வில் ஆரஞ்சு அட்டை போட்ட ஒரு புத்தகம் இருக்கிறதாம், அதில்தான் இந்தச் சீட்டுகள் எல்லாம் பிறக்கின்றனவாம். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "ஆனா அது வெறும் பரிந்துரைதான் மாமா. கட்டாயம் கெடையாது" என்றாள். நெஞ்சு இறங்கியது. "ஆனா கப்பல்ல ஏத்துற சரக்குக்கு அத வச்சு ஒரு விதித்தொகுப்பு எழுதியிருக்காங்க. கடல் பயணத்துல உயிர்ப் பாதுகாப்புக்குன்னு நாடுகள் போட்டுக்கிட்ட ஒப்பந்தம் அந்த விதிகளக் கட்டாயமாக்கிருச்சு. அதனாலதான் நீங்க சீட்டு அடிக்கீக." பதினெட்டு வருடமாக நான் என்னவென்றே தெரியாமல் அடித்துத் தள்ளியது சட்டம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இதை ஒரு வாரத்தில், ஒரு வக்கீலின் உதவியும் இல்லாமல், மோட்டார் வாகனச் சட்டத்தைக் கொண்டுவந்து கொடுக்கிற ஒரு மாமனின் இடையூறையும் சகித்துக்கொண்டு அவள் கண்டுபிடித்தாள்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். மணிகண்டராஜ் தம்பி, இந்த இடத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டும்.

ஆபத்தான கழிவுகளை எல்லை தாண்டி அனுப்புவது பற்றி பாசல் என்கிற ஊரில் போட்ட ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அதில் எந்தெந்த நாடு சேர்ந்திருக்கிறது என்கிற அட்டவணையை ஐ.நா.வின் இணையதளத்திலிருந்து எடுத்து, பென்டிரைவில் போட்டு, கருத்தரங்குக்கு முந்தின நாள் என்னிடம் கொடுத்தாள். "மாமா, இத அப்படியே பெருசா அடிச்சுக் குடுங்க. எதையும் மாத்தாதீக. அப்படியே. அப்படியே மாமா" என்று மூன்று தடவை சொன்னாள். நானும் மூன்று தடவை தலையை ஆட்டினேன். அட்டவணையில் முதல் பத்தி நாட்டின் பெயர், இரண்டாவது பத்தி கையெழுத்துப் போட்ட தேதி, மூன்றாவது பத்தி உறுதிப்படுத்திய தேதி. ஒரு நாட்டுக்கு எதற்கு இரண்டு தேதி? அதிலும் மூன்றாவது பத்தியில் பாதித் தேதிகளுக்குப் பின்னால் ஒரு சின்ன ‘ஏ’ ஈ உட்கார்ந்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நம் தொழில் உங்களுக்குத் தெரியாததா? கல்யாணப் பத்திரிகையோ, காலண்டரோ, வெடி லேபிளோ, பார்ட்டி வந்து புரூஃபில் கையெழுத்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது. மிஷின் ஓடிவிடும். அதற்கப்புறம் கல்யாண மாப்பிள்ளையின் பெயர் மாறியிருக்கிறது என்று அவரே நேரில் வந்து நின்றாலும் நாங்கள் கேட்கமாட்டோம். கையெழுத்து என்பது முடிவு. அதற்குப் பிறகு ஒரு தேதி இருக்கிறது என்றால் அது தட்டச்சு செய்தவனின் உறக்கம். போதாக்குறைக்கு, நான் நினைத்திருந்த தங்கநிற மயில் பார்டருக்கும் இடம் போதவில்லை. மூன்றாவது பத்தியை வெட்டினேன். வெட்டிய பிறகு பார்த்தால், பல நாடுகளுக்குக் கையெழுத்துக் கட்டமே காலியாக இருக்கிறது. பார்ட்டியே வரவில்லை, பெயர் எதற்கு என்று அவற்றையும் எடுத்தேன். எந்தச் சக்கரவர்த்தியும் ஒரு ஆயுளில் செய்யாததை, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளை உலகத்தை விட்டே நீக்குகிற காரியத்தை, நான் ஒரே சாயங்காலத்தில், ஒரு தட்டு மிக்சரைக் கொறித்துக்கொண்டே செய்து முடித்தேன். உச்சியில் தங்க எழுத்தில் "இவ்வொப்பந்தத்துக்குக் கட்டுப்பட்ட நாடுகள்" என்று ஒரு தலைப்பையும் நானே போட்டேன். அடித்த அட்டையைச் சுருட்டி, நாடா கட்டி, மறுநாள் காலை அவள் பஸ் ஏறும்போது கையில் கொடுத்தேன். பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரம் இல்லை.

சனிக்கிழமை விருதுநகரில் கல்லூரி அரங்கில் நான் மூன்றாவது வரிசை. உங்களுக்கு லோடு ஏற்றுகிற நாள் என்பதால் உங்கள் பிரதிநிதியாக மணிகண்டராஜ் கடைசி வரிசையில். பிள்ளை இருபது நிமிடம் பேசினாள். அரங்கத்தில் கொசுகூட உட்கார்ந்து கேட்டது. கடைசியில் அட்டையைப் பிரித்து மாட்டச் சொன்னாள். மயில்கள் ஜொலித்தன. மதுரைப் பேராசிரியர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தார். "ஏம்மா, அமெரிக்கா கட்டுப்பட்டதுன்னு தங்கத்துல எழுதியிருக்கே, அது என்னைக்கு உறுதிப்படுத்துச்சு? இலங்கையக் காணோம், ஆஸ்திரேலியாவக் காணோம். கடல் கொண்டுபோயிருச்சா?" என்றார். அரங்கம் சிரித்தது. முந்நூறு பேர், ஆறாயிரம் பேர் சிரிக்கிற மாதிரி சிரித்தார்கள். இந்த இடத்தில்தான் மணிகண்டராஜ் எழுந்து, சாத்தூர் லோடு வந்திருக்கும் என்று கிளம்பிவிட்டார்.

பிள்ளை திரும்பி அட்டையைப் பார்த்தாள். பிறகு மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். நான் அப்போது நாற்காலிக்குக் கீழே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். செருப்பு காலில்தான் இருந்தது. "எங்க மாமா பண்ணது சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது, எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அவள் சொல்லவில்லை. மைக்கைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இந்த முறை ஒரு எழுத்தையும் வெட்டவில்லை.

"சார், அட்டையில ஒரு பத்தி விட்டுப்போச்சு. விட்டுப்போனதும் நல்லதுதான், எங்கள மாதிரிச் சட்டம் படிக்காதவங்க எல்லாரும் தடுமாறுற எடம் அதுதான். எங்க ஊரு அச்சாபீஸ்ல பார்ட்டி கையெழுத்துப் போட்டா மிஷின் ஓடிரும். ஆனா எங்க அப்பா வெடிக் கம்பெனியில அப்படியில்ல. வடக்கேயிருந்து ஏஜென்ட் வருவாரு, சரக்கப் பாப்பாரு, ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு ரயிலேறிருவாரு. அப்பா அன்னைக்கே லோடு ஏத்த மாட்டாங்க. ஏஜென்ட் ஊருக்குப் போயி மொதலாளிகிட்டக் காட்டி, மொதலாளி ‘சரி, அனுப்புங்க’ன்னு எழுதுனாத்தான் லோடு. நாடும் அப்படித்தான். பேசப் போனவரு போடுறது கையெழுத்து. ஊர்ல இருக்கவங்க ஒத்துக்கிட்டு எழுதி அனுப்புறதுதான் உறுதிப்படுத்தல். அமெரிக்கா ஏஜென்ட் தொண்ணூறுல கையெழுத்துப் போட்டுட்டுப் போனாரு. மொதலாளிகிட்டயிருந்து இன்னும் கடுதாசி வரலை."

மறுபடியும் அரங்கம் சிரித்தது மாப்பிள்ளை. இது வேறு சிரிப்பு. பேராசிரியர் விடவில்லை. "அப்ப இலங்கை?" என்றார். "இலங்கை கையெழுத்தே போடலை சார். பின்னாடி நேரா வந்து சேந்துச்சு. ஏஜென்ட் அனுப்பாம மொதலாளியே காரெடுத்துக்கிட்டு வந்த மாதிரி. தேதிக்குப் பின்னாடி சின்னதா ஒரு ‘ஏ’ போட்டிருப்பாங்க, அதுக்கு அர்த்தம் அதுதான்." எனக்கு அந்த ஈக்கள் எல்லாம் கண் முன்னால் பறந்தன. "மொதலாளி எழுதுற வரைக்கும் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பே இல்லையா?" என்றார் அவர். "இருக்கு சார். அதுவரைக்கும் ஒப்பந்தத்தோட நோக்கத்தையே கெடுக்கிற காரியம் எதுவும் பண்ணக் கூடாது. எங்க அப்பா நம்பிக் காட்டுன புது டிசைனக் கொண்டுபோயி அடுத்த கம்பெனியில செஞ்சு வாங்கக் கூடாதுல்ல, அது மாதிரி." "இது எங்க எழுதியிருக்கு?" "ஒப்பந்தங்கள் பத்தின வியன்னா உடன்படிக்கை, பதினெட்டாவது பிரிவு." அந்த மனிதர் மைக்கை மேசையில் வைத்துவிட்டுக் கைதட்டினார். பிறகு இசபெல் மேடம் பக்கம் திரும்பி, "நான் பத்து வருசமா ரெண்டு வகுப்பு எடுத்துச் சொல்றத இந்தப் பிள்ள ஒரே லோடுல ஏத்திருச்சு" என்றார்.

இதைப் பிரீத்திகா உங்களிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் பத்தியை வெட்டியது யார் என்கிற கேள்வி வரும். "அவ படிப்புல ஒங்க அண்ணன் இன்னொரு தடவ கைய வச்சா, அவர நம்ம வீட்டுப் படி ஏறவிட மாட்டேன்" என்று போன வருடம் நீங்கள் கற்பகவல்லியிடம் சொல்லியிருக்கிறீர்கள். நியாயமாகத்தான் சொன்னீர்கள், அவளுடைய ஆய்வகக் குறிப்பேட்டுக்கு நான் ஜிகினா அட்டை போட்ட சந்தர்ப்பம் அது. ஆகவே நீங்கள் "மூக்குடைபட்டியாமே" என்று கேட்டபோது, மாமன் படி ஏற வேண்டுமே என்பதற்காகப் பிள்ளை "ஆமாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். அறுபது வயதுக் கழுதைக்காக இருபது வயதுப் பிள்ளை டெல்லியை விட்டுக்கொடுக்கிறாள். எனக்கே வெட்கமாக இருக்கிறது, நம்புங்கள். எனக்கு வெட்கம் கடைசியாக வந்தது எட்டாம் வகுப்பில்.

ஆகவே மாப்பிள்ளை, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் நீங்கள் சரி என்று சொல்லிவிடுங்கள். அதற்கு ஈடாக, ரத்தினசாமியாகிய நான் முழு நினைவோடு வாக்குக் கொடுக்கிறேன். பிரீத்திகா படிக்கிற எந்தத் தாளையும் இந்தப் பிறவியில் இனித் தொடமாட்டேன். அவள் பென்டிரைவ் கிடக்கிற மேசையில் உட்காரமாட்டேன். டெல்லி இருக்கிற திசையில் தலை வைத்தும் படுக்கமாட்டேன், எப்படியும் வடக்கே தலை வைத்துப் படுக்கிற வழக்கம் நமக்கு இல்லை. படிப்பு முடிந்து அவள் திரும்புகிற வரைக்கும் அவளுக்கு யோசனை என்று ஒரு வார்த்தை, போனிலும் சரி, நேரிலும் சரி, என் வாயிலிருந்து வராது. இவ்வளவும் போதாது என்றால் உங்கள் வீட்டு இரண்டாவது காப்பியையும் துறக்கிறேன். இந்த வரியை இரண்டு தடவை அடித்துவிட்டு எழுதியிருப்பது தாளிலேயே தெரியும்.

காயப்போட்ட சரக்கின் மேல் ஒரு தூறலும் விழாமல், விருதுநகர் மண்டியில் காய்கிற மிளகாயின் மேலும் விழாமல், பெய்கிற மழை எல்லாம் அணையிலும் கண்மாயிலும் மட்டும் குறி பார்த்துப் பெய்து, உங்கள் சீசன் சிறந்து, ஆர்டர் குவிந்து, ரத்த அழுத்தம் இறங்கி, நீங்கள் நூற்றிருபது வயது இருந்து பேரன் பேத்தி கையில் கம்பி மத்தாப்புக் கொடுக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
குற்றத்தை முழுமனதோடு ஒப்புக்கொண்ட,
உங்கள் மச்சான்,
ரத்தினசாமி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் பிரீத்திகா மூச்சிரைக்க அச்சாபீஸுக்கு ஓடி வந்தாள். நேற்று மத்தியானம் நீங்கள் விருதுநகர் போன இடத்தில் கல்லூரிக்குள்ளும் எட்டிப் பார்த்தீர்களாமே? இசபெல் மேடம் தன் போனில் எடுத்து வைத்திருந்த காணொளியை மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தீர்களாமே? "எங்க அப்பா வெடிக் கம்பெனியில" என்று பிள்ளை சொல்கிற இடம் வரும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்களாமே? இன்று காலையே டெல்லிக்குச் சம்மதம் அனுப்பியாகிவிட்டதாம். இது தெரியாமல் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறேன். கையெல்லாம் வலிக்கிறது. எழுதியதை வீணாக்கக் கூடாது என்று அனுப்புகிறேன், படித்துவிட்டு ஒன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஏனென்றால், சீசனை விட்டு உங்களால் நகர முடியாது என்பதால் அவளை டெல்லிக்குக் கூட்டிப்போய், கல்லூரியில் சேர்த்து, விடுதியில் இடம் பிடித்துக் கொடுத்து, அவளுக்கு ஊர் பழகுகிற வரைக்கும் பத்து நாள் கூடவே இருந்துவிட்டு வர, "மாமாவே போகட்டும்" என்று நீங்களே சொல்லிவிட்டீர்களாம். கேட்டது அவள்தானாம். ஆகையால் தாளைத் தொடமாட்டேன், யோசனை சொல்லமாட்டேன் என்று மேலே நான் கொடுத்துள்ள வாக்குகள் அனைத்தும் இந்த நிமிடத்தோடு ரத்து. காப்பிக்கு நாளை காலை ஆறரைக்கு வருகிறேன். முதல் வருடத்திலேயே கடல் சட்டம் என்று ஒரு பாடம் இருக்கிறதாம், பிள்ளை கொஞ்சம் பயப்படுகிறாள். நீங்கள் கவலைப்பட வேண்டாம். தூத்துக்குடியில் நான் கடலை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.